எலுமிச்சை எண்ணெயும் என் கன்னத்து ஐந்து விரலும்

உதவி செய்தே தீருவேன் என்று கிளம்புகிற மனிதனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. யாரையோ பார்த்துவிட்டு இதைச் சொல்லவில்லை. அந்தப் பிராணியே நான்தான். போதாததற்கு எனக்குச் சகாயம் என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கீரனூரில் அக்கா வீட்டில் இருந்தேன். (இருந்தேன் என்பது கௌரவமான சொல். மூன்று வேளை சாப்பிட்டேன் என்பதே சரி.) அக்கா பெயர் பிலோமினா. அம்மா இறந்தபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா என் துணிமணிகளை ஒரு பையில் திணித்து, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். அவள் கணவர் அந்தோணி மச்சான் சிமெண்ட் கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்தார். “வாடா மாப்ள” என்றார். அதற்குப் பிறகு நான் எப்போது போவேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அண்டாவில் சாம்பார் கொதிக்கும்போது வாசலில் நின்றபடியே, “உப்பு கம்மியா இருக்கு, பாரு” என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு மூக்கு. அவளுக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு என்றார்கள்.

முதல் கீமோ முடிந்து வந்த மறுநாளிலிருந்து அந்த மூக்கு அவளைப் படுத்தி எடுத்தது. குக்கர் விசில் அடித்தால் குமட்டும். காபி வாசனை வந்தால் எழுந்து ஓடுவாள். மச்சான் குளித்துவிட்டு வந்தாலும் அவர்மேல் சிமெண்ட் வாடை அடிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாவம், அவர் பட்டறையிலிருந்து வந்ததும் கொல்லைப்பக்கம் நின்றே, “பிலோ, நான் வந்துட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுக்கொள்வார்.

அவளுக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. எலுமிச்சம்பழம். பேருந்தில் வாந்தி வரக்கூடாது என்று பெண்கள் கையில் வைத்துக்கொள்வார்களே, அதே பழம்தான். தோலை நகத்தால் லேசாகக் கீறி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒருமுறை இழுப்பாள். முகத்தில் இருந்த சுருக்கம் கொஞ்சம் தளரும். அந்த ஒரு நிமிடத்துக்குள் இரண்டு வாய் கஞ்சியை உள்ளே தள்ளிவிடுவோம். தலையணைக்கு அருகில் எப்போதும் ஒரு பழம் கிடக்கும். அவள் மகள் ஜெனி, அப்போது பதினோராம் வகுப்பு, தினமும் காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள்.

இது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதாவது, நான் தலையிடும் வரை.

இரண்டாவது கீமோ சமயத்தில் எடை பார்த்த நர்ஸ், “இன்னும் கொறஞ்சா அடுத்த மருந்தைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்ங்க. எப்படியாவது சாப்பிட வைங்க” என்றார். என்னிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து கைபேசியில் தேட ஆரம்பித்தேன். வாசனை எண்ணெய்களை வைத்து உடம்பையும் மனதையும் தேற்றுகிற வைத்தியத்துக்கு அரோமாதெரபி என்று பெயர், அதற்கு ஆன்லைனில் நான்கு வாரப் பயிற்சி உண்டு, முடித்தால் சான்றிதழ் உண்டு என்று தெரிந்தது. மூன்று வாரத்திலேயே முடித்துவிட்டேன். (வேறு வேலை இல்லாதவனுக்கு நான்கு வாரம் எதற்கு?)

பாடம் நடத்திய அம்மா நல்லவர். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் மனதை லேசாக்கும் என்பார்கள், எலுமிச்சை குமட்டலுக்கு இதமாக இருக்கும், பெர்கமாட் என்று நம்ம நார்த்தங்காய்க்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது, அது பதற்றத்தைத் தணிக்கும் என்றெல்லாம் சொன்னார். கூடவே, இது மருந்துக்கு மாற்று இல்லை, ஒரு சொட்டு போதும், இரண்டு சொட்டு அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், நேராகத் தோலில் படக்கூடாது, பட்டால் வெயிலில் போகக்கூடாது, கண்ணாடிக் குப்பியில் மட்டும் வையுங்கள் என்றும் சொன்னார். பயன்களை எல்லாம் நான் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். எச்சரிக்கைகளைப் பென்சிலால் எழுதினேன்.

சான்றிதழை லேமினேட் செய்து, கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். படுக்கையில் இருந்தபடியே அக்கா பார்த்தாள்.

“ஏன்டா, அவருக்குப் பக்கத்துலயா மாட்டுற?”

“ஏன்க்கா?”

“இனிமே அவர் யாரையாச்சும் கொணப்படுத்தணும்னா ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுத்தான் செய்யணும் போலருக்கே.”

சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

நீராவி போல வாசனையைப் பரப்புகிற சின்ன இயந்திரம் ஒன்றை வரவழைத்து, அதில் ஆரஞ்சு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அன்று மதியம் அக்கா நான்கு வாய் தயிர்சோறு சாப்பிட்டாள். பத்து நாளில் அதுதான் அதிகம். நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் மச்சானிடம், “வேலை செய்யுது மச்சான்!” என்று கத்தினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடம் முதல் என்னை யாராலும் தடுக்க முடியவில்லை.

நான்காவது கீமோவுக்குப் போகவேண்டிய நாள் வந்தது. ஏப்ரல் மாதம். வழக்கமாகக் கூட்டிப்போகும் கார்க்காரர் வீட்டில் ஒரு துக்கம். மச்சானுக்குக் காய்ச்சல். நானும் அக்காவும் ஒன்பதரை மணி பேருந்தில் திருச்சிக்குக் கிளம்பினோம். அக்கா தலையில் துணி கட்டி, கையில் அவளுடைய எலுமிச்சம்பழத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் என் தயாரிப்புகளோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் தயாரிப்பு என்னவென்றால், ஒரு குப்பி எலுமிச்சை எண்ணெய். இரண்டு சொட்டுக்கே நான்கு வாய் சோறு என்றால் ஒரு குப்பிக்கு எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். பேருந்து குலுங்கினால் கண்ணாடி உடைந்துவிடுமே என்ற முன்யோசனையில், எண்ணெயை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மடியில் வைத்திருந்தேன். எலுமிச்சை எண்ணெய் சிலவகை பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வகுப்பில் அதற்குக் காரணமும் சொன்னார்கள். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான், கீரனூர் கடைத்தெருவில் எந்த இடத்தில் போர்டு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாதி தூரம் போவதற்குள் தொடையில் ஏதோ குளிர்ந்தது. அப்புறம் எரிந்தது. குனிந்து பார்த்தால் டப்பாவின் அடிப்பாகம் வெயிலில் வைத்த மெழுகுபோல் குழைந்து கிடக்கிறது. எண்ணெய் முழுவதும் என் பேண்டில், சீட்டில், கீழே. பதறிப்போய் இரண்டு கையாலும் அள்ளினேன். (எண்ணெயை அள்ளி எங்கே வைப்பதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வாசனை ஏறியது.

முதலில் பின்சீட்டு அம்மா முந்தானையால் மூக்கை மூடினார். கல்லூரிப் பிள்ளைகள் இரும ஆரம்பித்தார்கள். முன்னாலிருந்து கண்டக்டர் கேட்டார்:

“யாருங்க அங்கிட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஒடைச்சது?”

நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களைப் போல நானும் ஓர் அப்பாவியாகச் சுற்றுமுற்றும் பார்த்தேன். அதற்குள் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், “சோப்பு இல்லப்பா, ஏதோ கேஸு லீக் ஆவுது! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!” என்று எழுந்துவிட்டார். அவ்வளவுதான். குழந்தைகள் அலற, கூடைகள் உருள, மாத்தூருக்குச் சற்று முன்னால் பேருந்து ஓரங்கட்டி நின்றது. அறுபது பேர் இறங்கி வெயிலில் நின்றார்கள். டிரைவர் பேருந்தைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். கண்டக்டர் பயணிகளைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

“தம்பி, என்னங்க இது?”

“எலுமிச்சை எண்ணெய்ங்க. அரோமாதெரபி.”

“என்ன தெரபி?”

“வாசனை வைத்தியம்ங்க. எங்க அக்காவுக்கு.”

திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் புளியமரத்து நிழலில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் குடித்த கஞ்சி முழுவதும் போயிற்று. தலைத்துணி நழுவியிருந்தது. கண்டக்டரின் குரல் மாறிவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

“அக்கா, நீங்க ஏறுங்க. முன்னாடி காத்தாட ஒக்காந்துக்கலாம். தம்பி மட்டும் வேணாம். சீட்டை நாங்க தண்ணி ஊத்திக் கழுவிக்கிறோம், தம்பியைக் கழுவ முடியாதுல்ல.”

அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“நீங்க போங்கண்ணே. நான் அடுத்த வண்டில வாரேன். அவனைத் தனியா விட்டுட்டுப் போனா அவனுக்கு வழி தெரியாது.”

இருபத்தாறு வயது முதுகலைப் பட்டதாரிக்குக் கீரனூரிலிருந்து திருச்சிக்கு வழி தெரியாதாம். நேராக ஒரே ரோடு. பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேருந்து கிளம்பிப் போயிற்று. நானும் அவளும் மட்டும் புளியமரத்தடியில்.

அக்கா பழக்கத்தில் கையில் இருந்த பழத்தை மூக்கருகே கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றது. உடம்பு ஒருமுறை குலுங்கியது. பழத்தை மெதுவாகக் கீழே இறக்கி, பைக்குள், அடியில், மருத்துவச் சீட்டுகளுக்கும் கீழே தள்ளினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

நான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளிப்போய் மைல்கல்லில் உட்கார்ந்தேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். கையெல்லாம் எண்ணெய். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. காலிப் பழக்கூடைகள் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று நின்றது. சின்னச் சரக்கு வண்டிதான். அந்த டிரைவர் அக்காவை முன்னால் ஏற்றிக்கொண்டார். என்னை ஒருமுறை மோந்துவிட்டுப் பின்னால் கையைக் காட்டினார். மேலே மூடாத வண்டி. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடைகளுக்கு நடுவில், சித்திரை வெயிலில் திருச்சி போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னை வார்டுக்குள் விடவில்லை. எடை பார்த்தார்கள். தப்பித்தாள், மருந்து ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளேயிருந்து அக்கா, ‘போய் எதையாச்சும் சாப்பிடு’ என்று கையால் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து என் இடது கன்னம் சிவந்தது. கொப்புளம் வந்தது. அது வற்றியதும், கன்னத்தில் பழுப்பாக நான்கு விரல், கீழே ஒரு கட்டைவிரல். மை தொட்டு வைத்த கைநாட்டு போல அத்தனை தெளிவாக இருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் பட்டு வெந்திருக்கிறது. (நோட்டில் இருந்தது. பென்சிலில்.) பார்ப்பவர்களுக்கு, யாரோ ஓங்கி ஒரு அறை விட்டது போலத்தான் தெரியும்.

ஜெனிதான் முதலில் கேட்டாள்: “மாமா, யாரு ஒங்களை அறைஞ்சது?”

நான் பதில் தேடுவதற்குள் படுக்கையிலிருந்து அக்கா சொன்னாள்: “நான்தான்.”

“எதுக்கும்மா?”

“பஸ்ல அறுபது பேரை எறக்கி விட்டான். அதான் விட்டேன் ஒண்ணு.”

அதோடு ஆரம்பித்தது. நலம் விசாரிக்க வருகிறவர்கள் அதுவரை வாசலிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், இன்னாருக்கும் இப்படித்தான் வந்தது என்று ஆரம்பிப்பார்கள். இப்போது அவர்கள் உள்ளே வந்ததும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். “தம்பிக்கு என்ன?” என்று கேட்டார்கள். அக்கா தலையணையைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். பேருந்து, சோப்பு, கேஸ் லீக், தலைப்பாகைப் பெரியவர், கண்டக்டர் மோந்து பார்த்தது என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். பங்குச் சாமியார் வந்து கேட்டபோது அது இரண்டு பேருந்தாகிவிட்டது. கடைசியில், “யாரு அறைஞ்சதுங்கிறீங்க? நான்தான்!” என்று தன் ஒல்லிக் கையைத் தூக்கிக் காட்டுவாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நோயைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் என் கன்னத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மைல்கல்லில் உட்கார்ந்து நான் அழுததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழத்தைப் பற்றியும் சொல்லவில்லை.

ஐந்தாவது கீமோவுக்குப் போகிற காலையில் ஜெனி புதிதாக ஒரு பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். “பையில வையிடா கண்ணு, அப்புறம் எடுத்துக்கிறேன்” என்று அக்கா வாங்காமல் இருந்துவிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. மருந்து ஏற்றும் நாளில் ஒரு வாசனை கூடவே இருந்துவிட்டால் சில பேருக்கு அந்த வாசனையே பிறகு ஆகாமல் போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். எனக்குத் தெரியாத பாடம் அது.

அன்று காரில் திரும்பி வரும்போது கேட்டேன்.

“எலுமிச்சம்பழம் இப்ப ஒனக்கு ஆகலையாக்கா?”

“ஆகலைடா.”

“என்னாலதானே?”

“ஒன்னாலதான். வேற யாரால?” என்றாள். பிறகு, “அன்னிக்குத் தயிர்சோறு சாப்பிட்டேன்ல, அதுவும் ஒன்னாலதான்” என்றாள்.

“ஆரஞ்சு எண்ணெயாலயா?”

“எண்ணெய் என்ன எண்ணெய். நீ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்த. சாப்பிடலைன்னா அழுதுருவ போல இருந்துச்சு. அதான் முழுங்கினேன்.”

கார் மாத்தூரைத் தாண்டியது. புளியமரம் வந்ததும் அவள் என் தொடையில் தட்டி, “எறங்குறியாடா?” என்று கேட்டாள். டிரைவர் என்னவென்று திரும்பிப் பார்த்தார். அவருக்கும் முழுக்கதையையும் சொன்னாள்.

ஆறு கீமோவும் முடிந்தது. ஜூலையில் ஈரலில் இருக்கிறது என்றார்கள். செப்டம்பரில் அக்கா போய்விட்டாள். அடக்கத்தன்று முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். மூன்று விரல் மறைந்திருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மங்கலாக இன்னும் இருந்தன. கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, “தம்பிக்குக் கன்னத்துல என்ன?” என்று கேட்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்த மச்சான், “அவன் அக்கா அறைஞ்சது” என்றார். சொன்னவர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நான் அரிமளம் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். ஆரஞ்சுத் தோலை மடித்து மெழுகுவத்தி முன்னால் பிதுக்கினால் எண்ணெய்த் துளிகள் பொறியாகத் தெறிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். எலுமிச்சையில் செய்ய மாட்டேன். ஏன் சார் என்று கேட்பார்கள். பாடத்தில் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் குடும்பமாக அக்காவிடம் போவோம். மெழுகுவத்தி ஏற்றி, பூப்போட்டு, சாமியார் மந்திரித்துவிட்டுப் போனதும், மச்சான், “சரி மாப்ள, ஆரம்பி” என்பார். நான் பேருந்தில் ஏறுவேன். டப்பா கரையும். அறுபது பேர் இறங்குவார்கள். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களும் மெழுகுவத்தியைப் பிடித்தபடி நின்று கேட்பார்கள். மைல்கல்லை நானும் சொல்வதில்லை. அக்கா சொல்லாததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜெனி இப்போது நர்ஸ். குவைத்தில் இருக்கிறாள். வளர வளர அவள் குரல் அப்படியே அக்காவின் குரலாகிவிட்டது. போன வருடம் அவளால் வர முடியவில்லை. கைபேசியைச் சிலுவையில் சாய்த்து வைத்து, வீடியோ காலில் அவளையும் கூட்டிக்கொண்டோம். யூனிஃபார்மில், மருந்து அறையிலோ எங்கேயோ நின்றுகொண்டிருந்தாள். நான் கதையை முடித்து, “யாரு அறைஞ்சதுங்கிறீங்க?” என்று கேட்டு நிறுத்தினேன். அந்த இடத்தில் பதில் சொல்வது எப்போதும் அவள்தான். நானோ மச்சானோ சொல்வதில்லை.

நெட்வொர்க் சரியில்லை. ஜெனியின் முகம் வாய் திறந்தபடி திரையில் அப்படியே உறைந்து நின்றது. மச்சான் குனிந்து, திரையில் இருந்த மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி ஒன்று அணைந்தது. அதை யாரும் ஏற்றவில்லை. எல்லாரும் காத்திருந்தோம்.

பிறகு கல்லறைமேல் இருந்து, அக்காவின் குரலிலேயே வந்தது.

“நான்தான்.”